சண்முகக்கனி வேலை பார்த்த பதினோரு வருடம்

மார்ச் 4, திங்கள்

இந்த டைரி புத்தாண்டுக்கு உரக்கடைக்காரர் கொடுத்தது. இரண்டு மாதமாகச் சமையலறை ஜன்னல் காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். இன்று எடுத்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஆபீசில் கத்த முடியாது. வீட்டில் கத்தினால் இவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. உள்ளாட்சிகளில் தினக்கூலியாகப் பெருக்குகிறவர்களில், எந்த இரண்டு வருடத்திலாவது நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்க வேண்டுமாம். இடையில் நிறுத்தப்பட்டவர்களும் இதில் சேர்த்தி. பன்னிரண்டு வாரம் கெடு. தேறாதவர்கள் எல்லோரும் ஜூன் முதல் தேதியிலிருந்து தனியார் ஒப்பந்ததாரரிடம் போக வேண்டும். அவர் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுக்கமாட்டார்.

இதற்காக வந்த படிவத்தில் பத்தொன்பது கலம். ஒன்பதாவது கலம், ‘பணியாளரின் தற்போதைய நிலை’. பன்னிரண்டாவது கலமும் ‘பணியாளரின் தற்போதைய நிலை’. மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். “ரெண்டுலயும் ஒண்ணையே எழுதுங்க மேடம், மாத்தி எழுதுனா திருப்பி அனுப்பிருவாங்க” என்றார்கள்.

நெடுங்கரைப்புதூர் பேரூராட்சியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இப்போது தலைமை எழுத்தர். மே 31 ஓய்வு. இன்னும் எண்பத்தெட்டு நாள். இந்தத் தீர்ப்பு ஜூன் மாதம் வந்திருக்கக் கூடாதா? வேறு எவளாவது மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் 7, வியாழன்

பட்டியல் முடிந்தது. ஏழு பேர் தேறுகிறார்கள். ஏழாவது பெயர் சண்முகக்கனி. பதினோரு வருடம் விடாமல் வேலை பார்த்து, மூன்று வருடத்துக்கு முன்னால் நின்றுவிட்டதாகச் சம்பளப் பதிவேடு சொல்கிறது. எனக்கு ஆள் நினைவில்லை. எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள்.

மாடத்தி தேறவில்லை. பஸ் ஸ்டாண்டும் சந்தைத் தெருவும் அவள் பொறுப்பு. ஆரம்பத்தில் பதினான்கு மாதம் அவள் பெயர் இருக்கிறது. அப்புறம் கடைசி மூன்று வருடம் இருக்கிறது, அதுவும் இரண்டு மாதம் வேலை, ஒரு மாதம் இடைவெளி என்று. எப்படிக் கூட்டினாலும் இரண்டு வருடத்துக்கு நானூற்றுப் பதினாறு நாளைத் தாண்டவில்லை. பதிவேட்டில் இருப்பதுதானே இருக்கும், நான் என்ன செய்ய?

மிக்சி ஜார் மூடி விரிசல் விட்டுவிட்டது. தேங்காய்ச் சட்னி சுவரெல்லாம்.

மார்ச் 11, திங்கள்

காலையில் வண்டியை நிறுத்தவும் மாடத்தி வந்து நின்றாள். கையில் விளக்குமாறு, தலையில் துண்டு.

“எம் பேரு இருக்கா மேடம்?”

“பாத்துக்கிட்டிருக்கோம் மாடத்தி.”

“பதினஞ்சு வருசமா வாறுகால் சாக்கடைல நிக்கேன். அம்பத்திரண்டு வயசாச்சு. காண்ட்ராக்டுக்காரன் என்னய வேண்டாங்கான். எம் பேரு இல்லேன்னா நான் எங்க மேடம் போவேன்?”

“எல்லாம் மேல இருந்து வரணும். போய் வேலையப் பாரு.”

அவள் போகவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனாள். பட்டியலைப் பற்றி எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். தீர்ப்பை நானா எழுதினேன்?

மார்ச் 12, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை என்று நாற்பத்தொரு போன். அதில் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர்.

மார்ச் 19, செவ்வாய்

பழைய பிறப்புப் பதிவேடு ஒன்று தேட ஆவண அறைக்குப் போனேன். வீட்டுவரிப் பதிவேடுகளின் மேல் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. கீழ்த்தட்டில் பாதியைக் கரையான் தின்றாகிவிட்டது. இருக்கிற இடத்தில் எதை எடுத்தாலும் கையோடு தூளாக வருகிறது. ஆனால் துப்புரவுப் பணியாளர் வருகைப் பதிவேடு மட்டும் பழைய பன்னிரண்டு வருடத்துக்கும் முழுசாக இருக்கிறது. கரையானுக்குக்கூட அதைத் தின்ன மனசு வரவில்லை போலிருக்கிறது.

எடுத்ததுதான் எடுத்தோம் என்று புரட்டினேன். உருண்டை உருண்டையான எழுத்து. அந்தக் காலத்து எழுத்தர் யாரோ நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். மாடத்தி பெயருக்கு நேரே இடது கைப் பெருவிரல் ரேகை. சண்முகக்கனி பெயருக்கு நேரே வலது கைப் பெருவிரல் ரேகை. நான்காவது வருடத்திலிருந்து அந்த வலது கை ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. விரலில் ஆழமாக எதுவோ கிழித்திருக்க வேண்டும்.

பிறப்புப் பதிவேடு கிடைக்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

செயல் அலுவலர் பிரசன்னா பதிவேட்டைக் கேட்டார். தேர்வெழுதி நேரே அதிகாரியாக வந்தவர், இருபத்தொன்பது வயது, தருமபுரிப் பக்கம். என்னிடம் மரியாதையாகத்தான் இருப்பார். ஒரு பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே, “மேடம், இது உங்க கையெழுத்து மாதிரி இருக்கே” என்றார்.

“அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் சார் எழுதுவோம்” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது.

ஏப்ரல் 3, புதன்

பதினோராம் வார்டு கவுன்சிலர் மந்திரமூர்த்தி வந்தார். கூடவே ஒரு பெண். பட்டுப் புடவை, நகத்தில் ரோஸ் நிறச் சாயம், முப்பத்தைந்து வயது இருக்கும்.

“மேடம், பட்டியல்ல ஏழாவதா ஒரு பேரு இருக்குல்லா, சண்முகக்கனி. ஆளு எங்கன்னு தேடிக்கிட்டு இருப்பிய. நம்ம மச்சினிச்சிதான். கூட்டிட்டு வந்துட்டேன்.”

செயல் அலுவலர்தான் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயர் சண்முகக்கனி. தகப்பனார் பெயரும் பதிவேட்டில் உள்ள இனிஷியல் மாதிரியே ‘சு’வில்தான் ஆரம்பிக்கிறது. சொந்தபந்தத்தையெல்லாம் சலித்து ஆளைப் பிடித்திருக்கிறார் மனுஷன்.

“இவங்க எங்க வேலை பார்த்தாங்க?” என்று கேட்டார் செயல் அலுவலர்.

“சந்தைத் தெருலதான். மேடத்துக்குத் தெரியும்லா” என்று என்னைப் பார்த்தார் கவுன்சிலர்.

வந்தவள் விண்ணப்பத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள், சாய்த்து எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்து. பதிவேட்டில் கைநாட்டு இருக்கிறதே என்று நான் மெல்லச் சொன்னேன். “அப்பம் எழுத்து தெரியாது. பொறவுதான் படிச்சா” என்றார் மந்திரமூர்த்தி. கவுன்சிலரின் மச்சினிச்சி பள்ளிக்கூடம் முடித்துக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

கிளம்பும்போது கவுன்சிலர் என் மேசையில் குனிந்து, “மே முப்பத்தொண்ணாம் தேதி விழாவுக்கு மாலை எஞ் செலவு மேடம்” என்றார். இந்த ஊரில் யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்று எனக்குப் புரிவதேயில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

தலைவலி. அரைநாள் விடுப்பு.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாடத்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. வாசலில் நின்றே பேசினாள். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை.

“சண்முகக்கனின்னு ஒருத்தி வந்திருக்காளாமே.”

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன மேடம்? அவ எப்படி இருப்பான்னு நானும் பாக்கணும்லா. பதினோரு வருசம் அவ பேர்ல நாந்தான பெருக்குனேன். அவ பேர்ல நாந்தான செத்த நாயத் தூக்குனேன். பீங்கான் ஓடு கிழிச்சு இந்த விரல்ல ஏழு தையல் போட்டது யாருக்கு, அவளுக்கா எனக்கா? ஆஸ்பத்திரிக்கு நீங்கதான ஆட்டோல கூட்டிட்டுப் போனிய!”

“மெதுவாப் பேசு மாடத்தி.”

“நான் ஏன் மெதுவாப் பேசணும்? நீங்கதான எழுதுனிய அந்தப் பேர? அந்தக் கைய வையி, அந்தக் கைய வையின்னு நீங்கதான சொன்னிய? வச்சேன்லா. இப்பம் ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிய.”

விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். வெள்ளைக் கோடு நன்றாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வாசலில் நின்று கத்த இவளுக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். சாதம் குழைந்து போயிருந்தது, கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் கோபம் போகவில்லை. அது அவள் மேல் வந்த கோபமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. இவருக்கு இனிப்பு ஆகாது என்று வெல்லத்தைக் குறைத்தேன், யாருக்குமே பிடிக்காத மாதிரி வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முப்பது வருடம் மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடித்தவர். என் தப்பைக் கேட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார்.

“இந்தா பாரு, இன்னும் ஒண்ணரை மாசம். சும்மா இருந்தேன்னா மாலையோட வீட்டுக்கு வருவ. வாயத் தொறந்தா சஸ்பெண்ட் ஆர்டரோட வருவ. டிப்போல எத்தன பேரு கடைசி நாள் சாயங்காலம் ஆர்டர வாங்கிக்கிட்டு அழுதான்னு நான் பாத்திருக்கேன்.”

“அந்தப் பொம்பள நடுத்தெருவுல நிப்பாளே?”

“நீ மட்டுமா எழுதுன? ஊருக்கு ஊரு அப்படித்தான நடந்துச்சு?”

அது உண்மைதான். இந்த டைரியிலாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் மாடத்தி வேலைக்கு வந்து பதினான்கு மாதம் ஆனதும், அப்போதிருந்த செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டார். ஒரே ஆள் பெயர் இரண்டு வருடம் ஓடினால் நாளைக்கு நிரந்தரம் கேட்பார்கள், பெயரை மாற்றுங்கள் என்றார். ஆளை மாற்ற வேண்டியதில்லை, அவள் நன்றாக வேலை செய்கிறாள், பெயரை மட்டும் மாற்றுங்கள். எல்லா ஆபீசிலும் இதுதான் வழக்கம். ஒன்றரை வருடத்துக்கு ஒரு பெயர், பிறகு மறுபடி பழைய பெயர்.

அன்று என் மேசையில் பிறப்புப் பதிவு விண்ணப்பம் ஒன்று கிடந்தது. பிறந்து இருபது நாளான குழந்தை, பெயர் சண்முகக்கனி. அந்தப் பெயரை எடுத்து வாறுகால் அள்ள அனுப்பிவிட்டேன். ஒரே ரேகை இரண்டு பெயருக்கும் இருந்தால் தணிக்கையில் மாட்டுமே என்று, “வலது கைய வை மாடத்தி” என்றதும் நான்தான். அப்படி எனக்கு யோசனை வந்ததில் அன்றைக்குப் பெருமைகூட இருந்தது.

அப்புறம் செய்ததுதான் இன்னும் பெரிய கூத்து. ஒன்றரை வருடத்தில் அந்தப் பெயரை மாற்றியிருக்க வேண்டும். அந்தச் செயல் அலுவலர் மாற்றலாகிப் போனார், தேர்தல் வந்தது, வெள்ளம் வந்தது, எனக்கு மறந்துவிட்டது. யாரும் நிரந்தரமாகிவிடக் கூடாது என்று எழுதிய பெயர் பதினோரு வருடம் ஓடி நிரந்தரத்துக்குத் தகுதியாகிவிட்டது. சம்பளம் வங்கி வழியாக வந்தபோதுதான் ஆதார் கேட்டார்கள், சண்முகக்கனியை நிறுத்திவிட்டு மாடத்தியை மறுபடி எழுதினேன். மாசம் பிறந்தால் அவள் வந்து நின்று கேட்பாள், “எந்தக் கை மேடம்?” என்று. ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

நான் கையெழுத்துப் போட வேண்டிய சான்றிதழ் வந்துவிட்டது. ‘மேற்படி சண்முகக்கனி என்பவரை நான் நேரில் அறிவேன். பதிவேட்டில் காணும் ரேகை இவருடையதே.’ கீழே தலைமை எழுத்தர் கையொப்பத்துக்கு இடம். தேதி போட வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

செயல் அலுவலரிடம், “எனக்கு ஆள் சரியா நினைவில்லையே சார்” என்றேன்.

“மேடம், பதிவேட்டுல பேர் இருக்கு, ஆதார்ல பேர் இருக்கு, ஆள் வந்து நிக்கிறாங்க. இல்லன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. உங்ககிட்ட இருக்கா?”

அப்படிக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். இந்தப் பையனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் அவர் வாயால் சொல்லமாட்டார், நான் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஆத்திரத்தில் சான்றிதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

முட்டி வலி என்று மருத்துவ விடுப்புப் போட்டேன். முட்டி வலி உண்மைதான், ஆனால் அது ஆறு வருடமாக இருக்கிறது.

ஏப்ரல் 25, வியாழன்

விடுப்பில் இருக்கிறவளுக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அறுபத்து மூன்று செய்தி. ஐம்பது ‘காலை வணக்கம்’. ஒன்றில் மந்திரமூர்த்தி எனக்கு விரைவில் நலம்பெற வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்.

மே 2, வியாழன்

விடுப்பு முடிந்து போனேன். பஸ் ஸ்டாண்டில் மாடத்தி வாறுகால் மண்ணை அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்பெல்லாம் வண்டியைப் பார்த்தாலே கையைத் தூக்குவாள்.

அவளிடம் போனேன். “பதினாறாந் தேதி ஆவணம் சரிபார்க்க மாவட்ட ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காவ. நீயும் வா” என்றேன்.

“பட்டியல்ல பேரில்லாதவ எதுக்கு மேடம்?”

“சும்மா வா. குளிச்சுட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வா.”

“என்ன, அவளுக்கு வேலை கெடைக்கிறதப் பாத்துக் கை தட்டவா?”

எதற்கென்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அன்றைக்கு என் வாய் திறக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

மே 15, புதன்

இரண்டு தாளையும் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஒன்று சான்றிதழ். இன்னொன்று நானே எழுதிய வாக்குமூலம், ஒன்றரைப் பக்கம், அதே உருண்டை எழுத்து. இவரும் படித்துப் பார்த்தார். மிக்சிக்குப் புது மூடி வாங்கி வந்திருக்கிறார், அது பொருந்தவில்லை.

மே 16, வியாழன்

மாவட்ட அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. ஒன்பது பேரூராட்சிக்காரர்கள் ஒரே கூடத்தில். எங்கள் முறை வரும்போது மணி ஒன்று. உதவி இயக்குநர் அம்மாள் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். காலையிலிருந்து அறுபது பேரைப் பார்த்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. எங்கள் ஆறு பேரும் ஐந்து நிமிடத்தில் முடிந்தார்கள். ஏழாவது, சண்முகக்கனி. மந்திரமூர்த்தி அவளை முன்னால் விட்டுப் பின்னால் நின்றுகொண்டார்.

“அடையாளச் சான்று எங்க?” என்றார் உதவி இயக்குநர்.

செயல் அலுவலர் என் பக்கம் திரும்பினார். கைப்பையைத் திறந்தேன். உள்ளே கண்ணாடிக் கூடு, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, எல்லாம் கையில் வந்தது, தாள் மட்டும் வரவில்லை. கடைசியில் வந்தது. நான் எழுதிய தாளைத்தான் நீட்டினேன்.

அவர் முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இந்தப் பதிவேட்டை எழுதினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“சண்முகக்கனின்னு?”

“அப்படி ஒரு ஆளே கிடையாது மேடம். நான் எழுதுன பேரு. அந்தப் பேர்ல வேலை பாத்தவ வெளிய நிக்கா.”

மந்திரமூர்த்தி சத்தம் போட ஆரம்பித்தார். பொய், சதி, கோர்ட்டுக்குப் போவேன், இத்தனை நாள் இந்த அம்மா எங்கே போனது. கடைசியில் கேட்டது நியாயமான கேள்வி. உதவி இயக்குநர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு மாடத்தியைக் கூப்பிட்டார்.

மாடத்தி மஞ்சள் சேலையில் வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. மந்திரமூர்த்தியைப் பார்த்தாள், பட்டுப் புடவைக்காரியைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்ற மாதிரி முகம் இறுகிவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் மைப்பெட்டியும் வெள்ளைத் தாளும் வைத்தார்கள். “ரேகை வைம்மா” என்றார் உதவி இயக்குநர்.

மாடத்தி இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பதினைந்து வருடப் பழக்கத்தில் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“எந்தக் கை மேடம்? எம் பேருக்கா, அவ பேருக்கா?”

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. மந்திரமூர்த்தி வாயை மூடிக்கொண்டார். மற்ற எட்டுப் பேரூராட்சி எழுத்தர்களும் தலையைக் குனிந்து அவரவர் கோப்பைப் பார்த்தார்கள். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.

“ரெண்டையும் வை” என்றேன்.

வைத்தாள். உதவி இயக்குநர் பழைய பதிவேட்டைத் திறந்து தாளைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வலது ரேகையின் குறுக்கே அதே வெள்ளைக் கோடு. அந்தப் பட்டுப் புடவைப் பெண் தன் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள். பாவம், அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது உதவி இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்கு இந்த மாசம்தானே ஓய்வு? இதோட விளைவு தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். “இன்னும் பதினஞ்சு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். பதினைந்து நாள் கழித்து என்றால் அந்த வேலையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கும் தெரியும்.

மே 17, வெள்ளி

மாடத்தி இன்றைக்கும் என்னிடம் பேசவில்லை. ஆனால் வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். பாதிதான் தூக்கினாள்.

மே 31, வெள்ளி

விழா மூன்று மணிக்கு. கூட்ட அரங்கில் பேனர், அதில் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய் ‘ஆவுடைம்மாள்’ என்று இருந்தது. பத்தொன்பது வருடம் பெயர் எழுதியவளுக்கு இதுதான் கிடைத்தது. பரிசாகக் கொடுத்த குத்துவிளக்கில் ‘பணி நிறைவு 31.05’ என்று பொறித்திருந்தார்கள். மந்திரமூர்த்தி மாலை கொண்டுவரவில்லை. செயல் அலுவலர் பேசும்போது இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலே முக்காலுக்கு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆர்டர் மேசையில் இருந்தது. பதிவேட்டில் பொய்யான பெயர் எழுதியதற்காக ஓய்வுபெற அனுமதியில்லை, விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம்.

“காலையிலேயே வந்துடுச்சு மேடம். விழா முடியட்டும்னு வச்சிருந்தேன்.”

“எங்க சார் கையெழுத்துப் போடணும்?”

போட்டேன். குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவர் வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும், சொன்னேன்ல என்று சொல்வார் என்று நினைத்தேன். விளக்கை வாங்கிக்கொண்டு, “நல்ல கனம்” என்றார். இருவரும் அழவில்லை. நான் மட்டும் குளியலறையில் கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 3, திங்கள்

காலை ஒன்பது மணிக்குப் புடவை மாற்றித் தலை வாரி, வண்டிச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

ஜூன் 20, வியாழன்

விசாரணை அதிகாரி பதினெட்டுக் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஐந்தாவதும் பதினொன்றாவதும் ஒரே கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதினேன்.

ஜூலை 9, செவ்வாய்

பதினோரு மணிக்கு வாசலில் மாடத்தி. சீருடைப் புடவை, புதுசு, மடிப்புக் கலையவில்லை. இந்த முறை கூப்பிடாமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஆர்டர் வந்துட்டு மேடம். பதினஞ்சு வருசமும் எம் பேர்லயே சேத்துட்டாவ. அவ பேர்ல வேலை பாத்ததும் நாந்தான்னு எழுதியிருக்காவ.”

“எனக்குத் தெரியும். பிரசன்னா சார் போன் பண்ணாரு.”

“உங்களுக்கு என்ன ஆவும்?”

“விசாரணை முடியணும். முடியும்போது முடியும்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் உங்கள மன்னிச்சிட்டேன்னுலாம் சொல்லமாட்டேன் மேடம். பதினஞ்சு வருசம் சின்ன விசயமில்ல. ஆனா அன்னைக்கு நீங்க வாயத் தொறந்திய. அதயும் நான் மறக்கமாட்டேன்.”

“சரி” என்றேன்.

இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஆர்டர் நகல், கீழே பெற்றுக்கொண்டதற்கான ரேகை. ஒன்றில்லை, இரண்டு. இடது பெருவிரல், அதன் பக்கத்தில் வலது பெருவிரல், குறுக்கே கோட்டோடு.

“புதுசா வந்த கிளார்க்கு, இடது மட்டும் போதும்னு சொன்னாவ. கேக்கல நான். அந்தக் கையுந்தான வேலை பாத்துச்சுன்னு சொல்லி வச்சிட்டேன்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்டரை வாங்கினேன். மாடத்தி என்று எழுதியிருந்தது. எழுத்து ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.